மருத்துவ உளவியல் முதுகலை: எந்தச் சிகிச்சை முறையைக் கற்பது, யாரிடம் கற்பது?

பட்டர்வொர்த் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் இளங்கலையின் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். அடுத்து மருத்துவ உளவியலில் முதுகலை செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். வீட்டில் எதிர்ப்பு இல்லை. ஆனால் அப்பா கேட்கும் ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்றாண்டு படித்து முடித்தும் நோயாளியைப் பார்க்கத் தகுதி வரவில்லை என்றால், இன்னும் பல்லாயிரம் வெள்ளி செலவழித்துப் படிக்கும் அடுத்த படிப்பு மட்டும் அந்தத் தகுதியைத் தரும் என்று யார் உறுதி சொல்வார்கள் என்று கேட்கிறார்.

என் குழப்பம் வேறு. எங்கள் விரிவுரையாளர்களில் ஒருவர், ஆய்வுகளால் மெய்ப்பிக்கப்பட்டது சிபிடி என்னும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான், அதைக் கற்றால் போதும் என்கிறார். இன்னொருவர், எந்த முறையானாலும் குணப்படுத்துவது சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் இடையே உள்ள உறவுதான் என்கிறார். இதற்கிடையில் வார இறுதிப் பயிலரங்கில் சேர்ந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று விளம்பரங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. படிப்பு முடிந்ததும் பினாங்குத் தீவிலோ செபெராங் பிறையிலோ தமிழ் பேசும் மக்களிடையே வேலை செய்ய நினைக்கிறேன். எதை வைத்து முடிவெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

செந்தூல் உளவியலாளர் எழுதியது:

உங்கள் தந்தையாரின் கேள்வி நியாயமானது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். மருத்துவ உளவியலாளர் தொழில் மலேசியாவில் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. 2016இல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி, உரிய மன்றத்தில் பதிந்து, தொழில் செய்வதற்கான சான்றிதழையும் பெற்றவரே அந்தப் பெயரில் நோயாளிகளைப் பார்க்கலாம். அந்தப் பதிவுக்கு அடிப்படை மருத்துவ உளவியல் முதுகலை. இளங்கலையோடு நிற்பவர் மனிதவளத் துறையிலும் ஆய்விலும் நன்றாக வாழலாம். மனநோயை அறிந்து சிகிச்சை தரும் வேலை மட்டும் அவரிடம் வராது. எனவே, நீங்கள் சேர நினைக்கும் படிப்பு மன்றத்தின் பதிவுக்கு ஏற்கப்படுகிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகத்திடமும் மன்றத்திடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். உளவியல் முதுகலை என்று பொதுப் பெயரில் நடக்கும் படிப்புகள் பலவும் அறிவைத் தரும், ஆனால் பதிவுக்கு உதவா. யுகேஎம், ஹெல்ப் போன்ற பல்கலைக்கழகங்கள் மருத்துவ உளவியல் என்ற பெயரிலேயே முதுகலை நடத்துகின்றன. இடங்கள் குறைவு என்பதால் நேர்முகத் தேர்வில் கடுமையாக வடிகட்டுவார்கள்.

இனி, நீங்கள் கேட்ட முறைகள். சிபிடி என்றால் என்ன என்பதைப் பீதித் தாக்குதலை வைத்துச் சொல்கிறேன், ஏனெனில் நம் மக்களிடம் நான் அடிக்கடி காண்பது அதுதான். நாற்பது வயதுக்காரர் ஒருவருக்குத் திடீரென நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப் போகிறது. மாரடைப்பு என்று நினைத்து அவசரப் பிரிவுக்கு ஓடுகிறார். இதயத் துடிப்புப் பதிவு சரியாக இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் ஓடுகிறார். 1986இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் முன்வைத்த விளக்கம் இந்தச் சுழலைத்தான் விவரிக்கிறது: உடலில் எழும் சாதாரண மாற்றத்தை உயிராபத்தின் அடையாளமாக மனம் வாசிக்கிறது, அந்த வாசிப்பு அச்சத்தைக் கிளப்புகிறது, அச்சம் படபடப்பை மேலும் கூட்டுகிறது, கூடிய படபடப்பு முதல் வாசிப்பு சரிதான் என்று சாட்சி சொல்கிறது. சிகிச்சையில் நாங்கள் நோயாளியைப் படியேறச் சொல்வோம், வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடச் சொல்வோம். அவர் அஞ்சும் அதே படபடப்பை அவரே வரவழைத்து, ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தம் உடம்பிலேயே கண்டறிகிறார். அறிவுரை இதைச் செய்யாது. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வுக்காக வளர்த்தெடுத்த சிகிச்சையும் இப்படித்தான். நோயாளியின் எண்ணத்தை வாதத்தால் தோற்கடிப்பது அதன் நோக்கம் ஆகாது, அந்த எண்ணத்தை ஒரு கணிப்பாக எடுத்துக்கொண்டு வாழ்க்கையில் சோதித்துப் பார்ப்பதே நோக்கம்.

ஆனால் அந்த நாற்பது வயதுக்காரர் என் முன்னால் படியேற வேண்டும் என்றால் என்னை நம்ப வேண்டும். உங்கள் இரண்டாவது விரிவுரையாளர் சொல்வது இங்கேதான் வருகிறது. உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சிகிச்சைக் கூட்டுறவை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உள்ள உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உள்ள உடன்பாடு, இருவருக்கும் இடையே உள்ள பிணைப்பு. மூன்றில் இரண்டு வேலையைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். வேலை இல்லாத பிணைப்பு ஆறுதலோடு நின்றுவிடும், பிணைப்பு இல்லாத வேலையை நோயாளி மூன்றாம் வாரத்தில் கைவிட்டுவிடுவார். ஆகவே இரண்டு விரிவுரையாளர்களில் யார் பக்கம் நிற்பது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து.

தேர்ந்தெடுக்க வேண்டியது மேற்பார்வையாளரை. எந்தப் படிப்பில் உங்கள் அமர்வை ஒருவர் உட்கார்ந்து கேட்டு, இந்த இடத்தில் ஏன் அவசரப்பட்டாய், இந்த மௌனத்தை ஏன் நிரப்பினாய் என்று வாரம்தோறும் கேட்பாரோ, அந்தப் படிப்பில் சேருங்கள்.

ஜார்ஜ்டவுன் ஆலோசகர் எழுதியது:

ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இந்த மாணவியின் பார்வையிலிருந்து ஒரு தொழில் முழுவதுமாகவே மறைந்துவிட்டது. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் மருத்துவ உளவியலாளர்களுக்கான சட்டத்துக்கு வெகு காலம் முன்பே இந்நாட்டில் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழுள்ள வாரியத்தில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் நலத்துறையிலும் வேலை செய்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் தம் துன்பத்தை முதலில் கொண்டுபோய் வைப்பது பெரும்பாலும் பள்ளி ஆலோசகரிடம்தான், உளவியலாளரிடம் அன்று. கணவன் மனைவி பிணக்கு, துக்கம், மாணவரின் தேர்வுப் பயம் ஆகியவற்றுக்கு நோய்ப் பெயர் சூட்டத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், முறையான மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை ஆறு முதல் எட்டு அமர்வுகள் வரை பார்க்க வைத்தார்கள். வழக்கமான ஆரம்ப சுகாதாரச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களிடம் வந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். அப்படியிருக்க, தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் இவ்வளவு குறைவாக உள்ள நம் சமூகத்தில், முதுகலை முடித்தவர்தாம் சிகிச்சை தரலாம் என்று வாசலைக் குறுக்கினால் யாருக்கு நன்மை? சுங்கை பாக்காப்பிலிருந்தோ நிபோங் திபாலிலிருந்தோ ஒரு தொழிலாளி மணிக்கு இருநூறு, முந்நூறு வெள்ளி கொடுத்துத் தனியார் உளவியலாளரிடம் வாரம்தோறும் போக முடியுமா?

செந்தூல் உளவியலாளர் எழுதியது:

அம்மா, போக முடியாது. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. கோவா ஆய்வை நீங்கள் குறிப்பிட்டதில் எனக்கு மகிழ்ச்சி, ஏனெனில் என் கருத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. அங்கே உள்ளூர் ஆலோசகர்கள் தம் மனத்துக்குத் தோன்றியதைப் பேசவில்லை. சோர்ந்து ஒதுங்கியவரைப் பயனுள்ள செயல்களில் படிப்படியாக மீண்டும் ஈடுபடுத்தும் நடத்தை முடுக்கச் சிகிச்சை என்னும், எல்லைகள் தெளிவான ஒரு முறையை வழிகாட்டிக் கையேட்டின்படி செய்தார்கள். அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, கூடி உட்கார்ந்து கேட்டு, ஒருவரை ஒருவர் மதிப்பிட்டார்கள். அதே முறையை இங்கிலாந்தில் இளநிலைப் பணியாளர்களைக் கொண்டு சோதித்து 2016இல் வெளியான ஆய்விலும், தேர்ந்த சிகிச்சையாளர்கள் தந்த சிபிடிக்கு அது குறைந்ததில்லை என்றே முடிவு வந்தது. அங்கேயும் மேற்பார்வை இருந்தது. பட்டம் குறைந்தாலும் மேற்பார்வை குறையவில்லை என்பதுதான் இரண்டிலும் நான் காண்பது. வார இறுதிச் சான்றிதழில் இல்லாதது அதுதான்.

மனச்சோர்வு ஒன்றுக்குப் பயிற்சி பெற்றவர் அதைப் பார்க்கலாம். அது, மிகை எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயின் ஒரு பக்கமா, தைராய்டுக் கோளாறா, முதியவருக்குத் தொடங்கும் மறதி நோயா என்று பிரித்தறிவது வேறு கல்வி. அந்த இடத்துக்குத்தான் மருத்துவ உளவியலாளரும் மனநல மருத்துவரும் வேண்டியிருக்கிறார்கள்.

புக்கிட் மெர்தாஜாம் தந்தை எழுதியது:

நான் இந்தத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் இந்தச் சிகிச்சை எப்படி இருக்கும் என்பதை ஒரு குடும்பம் சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

என் மகனுக்கு உயர்நிலைப் பள்ளியில் படிவம் ஐந்து படிக்கும்போது எண்ணச் சுழற்சி நோய் வந்தது, ஓசிடி என்பார்கள். கை கழுவினால் தோல் வெடிக்கும் வரை கழுவுவான். துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் யாராவது கூடத்தில் நடந்தால், அவர் மிதித்த இடம் முழுவதையும் அவன் அம்மா துடைத்தாக வேண்டும். துக்க வீட்டிலிருந்து வந்தால் குளிப்பது நம் வழக்கம்தானே என்று உறவினர்கள் சொன்னார்கள். சாமி பார்க்கச் சொன்னவர்களும் உண்டு. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்து, அங்கிருந்த உளவியலாளரிடமும் அனுப்பினார்.

அந்த உளவியலாளர் செய்த முதல் வேலை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. எங்கள் வழக்கத்தை மூடநம்பிக்கை என்று சொல்லாமல், உங்கள் குடும்பத்தில் துக்கத்துக்குப் போய் வந்தவர் எத்தனை முறை குளிப்பார், எப்போது போதும் என்று நினைப்பார் என்று என் தாயாரை அழைத்துக் கேட்டார். ஒரு முறை, தலையோடு, அவ்வளவுதான் என்று பாட்டி சொன்னார். அந்த அளவு வழக்கம், அதற்கு மேல் நோய் என்று மகனுக்கு முன்னாலேயே எல்லை போட்டார். பிறகு படிப்படியாக, அஞ்சும் பொருளைத் தொட வைத்துக் கழுவாமல் இருக்க வைத்தார். எது குறைந்த பயம், எது பெரிய பயம் என்று மகனே பட்டியல் போட்டான். எங்களுக்கும் பாடம் இருந்தது. சுத்தமாக இருக்கிறதா என்று அவன் கேட்கும்போதெல்லாம் இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த என் மனைவி அதை நிறுத்த வேண்டும் என்று உளவியலாளர் சொன்னார். பெற்ற தாய்க்கு அது எவ்வளவு கடினம் என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. இப்போது மகன் வேலைக்குப் போகிறான். நோய் முற்றாக மறைந்துவிடவில்லை, ஆனால் வீட்டை அது ஆளவில்லை.

மனநலத் தாதி எழுதியது:

புக்கிட் மெர்தாஜாம் ஐயாவின் மகன் பெற்றது வெளிப்படுத்தலும் எதிர்வினைத் தடுப்பும் என்ற சிகிச்சை. லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் இதன் தொடக்க வடிவத்தை எழுதினார். இன்றுவரை ஓசிடிக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் பேச்சுச் சிகிச்சை அதுவே. மாத்திரையும் சிகிச்சையும் அவருக்குச் சேர்ந்தே கிடைத்ததை மாணவி கவனிக்க வேண்டும். இந்நாட்டில் மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத முடியாது. மருந்து வேண்டாம் என்று சொல்லி நோயாளியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் சிகிச்சையாளரால் வரும் கேட்டை நாங்கள் வார்டில் காண்கிறோம்.

செலவைப் பற்றி ஒரு தகவல். குடிமக்கள் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்த்து, அங்கிருந்து மனநலப் பிரிவுக்குக் கடிதம் பெறலாம். மென்தாரி என்ற சமூக மனநல மையங்களும் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் நம் மக்கள் தாமதமாகவே வருகிறார்கள். 1911இல் தொடங்கிய உலு கிந்தா மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரையே ஏச்சாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அச்சத்தோடுதான் ஒவ்வொரு குடும்பமும் எங்கள் கதவைத் தட்டுகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309 கூட 2023இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு முன் உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமோ என்று தவறி விழுந்ததாகச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

தங்காச்சி, விண்ணப்பிப்பதற்கு முன், துயரில் இருப்பவர்களின் பேச்சைத் தொலைபேசியில் கேட்கும் பெஃப்ரெண்டர்ஸ் போன்ற அமைப்பில் தொண்டூழியம் செய்து பாருங்கள். கோலாலம்பூரில் 1970 முதல் இயங்குகிறது, பயிற்சியும் தருவார்கள். நள்ளிரவில் ஒருவர் சொல்வதை அவசரமில்லாமல் கேட்க உங்களால் முடிகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். இதைப் படிக்கும் யாராவது தாமே தற்கொலை எண்ணத்தோடு இருந்தால், 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணையோ பெஃப்ரெண்டர்ஸையோ தயவுசெய்து அழைத்துப் பேசுங்கள்.

இரண்டாமாண்டுப் பயிற்சியாளர் எழுதியது:

நான் இப்போது முதுகலையில் இருக்கிறேன், பினாங்குப் பெண்தான். சொந்த ஊரில் நம் மக்களிடையே வேலை செய்வதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நம் சமூகம் சிறியது. என்னிடம் வந்த ஒருவர் பேச்சின் நடுவில் தம் மைத்துனர் பெயரைச் சொன்னார். அவர் என் பெரியப்பாவோடு கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நோயாளியை நேரே பார்க்க நேரலாம். கோலாலம்பூரில் படிக்கும் பாடநூல், இப்படிப்பட்டவரைப் பார்க்காதே, வேறொருவரிடம் அனுப்பு என்கிறது. தமிழில் பேசக்கூடிய வேறொருவர் ஊரில் இல்லை என்றால் எங்கே அனுப்புவது?

என் மேற்பார்வையாளர் இதற்குத் தந்த வழி எனக்குப் பிடித்தது. முதல் அமர்விலேயே, நமக்குப் பொதுவாகத் தெரிந்தவர்கள் இருக்கக்கூடும், வெளியில் பார்த்தால் நான் முதலில் பேசமாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன் என்று சொல்லிவிட வேண்டும். நெருங்கிய உறவோ பணத் தொடர்போ இருந்தால் கண்டிப்பாக வேறிடம் அனுப்ப வேண்டும். மற்றவற்றை மேற்பார்வையில் வைத்து, குறிப்பெழுதி, தொடர வேண்டும். அந்த மைத்துனர் பெயர் வந்த அமர்வின் ஒலிப்பதிவை மேற்பார்வையாளரோடு சேர்ந்து கேட்டபோது, அந்தப் பெயர் வந்த பிறகு என் கேள்விகள் மேலோட்டமாகிவிட்டதை அவர் சுட்டிக்காட்டினார். என் காதுக்கு அது தானாகக் கேட்டிருக்காது.

சோதனைகளைப் பற்றியும் யோசியுங்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு, வேறு நாட்டுப் பிள்ளைகளை வைத்து அளவு நிறுவப்பட்ட நுண்ணறிவுச் சோதனையை ஆங்கிலத்தில் கொடுத்தால், சொல்வளப் பகுதியில் எண் குறையும். அது அறிவின் குறையா, மொழியின் தூரமா என்று அறிக்கையில் எழுதுவது உங்கள் பொறுப்பு. அந்த ஒரு எண்ணை வைத்துப் பிள்ளையை எந்த வகுப்பில் போடுவது என்று பள்ளி முடிவெடுக்கும்.

பட்டர்வொர்த் மாணவி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஆலோசகர் அம்மா சொன்னதைப் பற்றி நிறைய யோசித்தேன். ஆலோசனைத் துறையைத் தாழ்வாக நினைத்து நான் எழுதவில்லை. நோயறிதலும் சோதனைகளும் என்னை ஈர்ப்பதால் மருத்துவ உளவியலிலேயே நிற்கிறேன். புக்கிட் மெர்தாஜாம் ஐயா எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கேள்வி இப்போது மாறிவிட்டது: அந்தப் பாட்டியை அழைத்துக் கேட்ட உளவியலாளர் அதை எங்கே கற்றார் என்கிறார்.

நேர்முகத் தேர்வில் நானே பல்கலைக்கழகத்திடம் கேள்வி கேட்கலாமா? மேற்பார்வையாளர் ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், அமர்வுப் பதிவுகளை அவர் உண்மையில் கேட்பாரா, தமிழில் நடக்கும் அமர்வை யார் மேற்பார்வையிடுவார்கள் என்பவை என் பட்டியலில் இருக்கின்றன. இப்படிக் கேட்பது அடக்கமின்மையாகத் தோன்றுமா?

செந்தூல் உளவியலாளர் எழுதியது:

தோன்றாது. நான் தேர்வுக் குழுவில் இருந்தால் அந்த மூன்றையும் கேட்கும் மாணவிக்கே முன்னுரிமை தருவேன். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் தயக்கமான பதில்தான் வரும், ஏனெனில் தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர்கள் மிகச் சிலரே. அந்நிலையில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. வெளியிலுள்ள தமிழ் தெரிந்த மருத்துவ உளவியலாளரைத் துணை மேற்பார்வையாளராக ஏற்பார்களா என்று கேளுங்கள். ஏற்கமாட்டார்கள் என்றால், நோயாளியின் இசைவோடு பதிவின் ஒரு பகுதியை நீங்கள் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுத்தாக்கிக் கொடுத்து அதன்மேல் மேற்பார்வை பெற முடியுமா என்று கேளுங்கள். எழுத்தாக்குவது இரவெல்லாம் பிடிக்கும் வேலை. ஆனாலும் முதலாண்டில் சிலவற்றையாவது அப்படிச் செய்யுங்கள்.

அவர்கள் எந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டாலும், சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். துணை மேற்பார்வைக்கு ஆள் தேவைப்பட்டால் இந்த இழையிலேயே கேளுங்கள். செந்தூலில் என் இடத்தில் மாதம் ஒருமுறை பயிற்சியாளர்கள் கூடுகிறார்கள், பினாங்கிலிருந்து இணையவழியாகவும் சேரலாம்.